ப்ளோ பிளேடுக்கு பெயின்ட் அடிச்ச கதை: உப்பு, சுருக்கம், மூணு வார்த்தை

பனி தள்ளுற லாரி, ப்ளோன்னு சொல்றது, இருக்குல்ல, அதோட மூஞ்சில மாட்டியிருக்குற பெரிய வளைஞ்ச இரும்பு பிளேடு, அத ஸ்கூல் பசங்க கையில குடுத்து குளிர்கால ரோடு சேஃப்டி பத்தி ஏதாச்சும் வரைங்கன்னு சொல்ற பழக்கம் குளிர் நாடுங்கள்ல நிறைய இடத்துல இருக்கு. அமெரிக்காவுல மிச்சிகன், ஓஹையோ மாநிலத்து போக்குவரத்துத் துறைங்க 'பெயின்ட் த ப்ளோ'ன்னு பேர் வச்சே இத நடத்துறாங்க. மினசோட்டாக்காரங்க லாரிக்கு பேர் வைக்கிற போட்டி வச்சு 2021ல 'ப்ளோவி மெக்ப்ளோஃபேஸ்'னு ஒண்ணு ஜெயிச்சுச்சு, ஸ்காட்லாந்துல ரோட்டு ஐஸ் உருக உப்பு தூவுற லாரி ஒண்ணோட பேரு 'சர் ஆண்டி ஃப்ளரி', டென்னிஸ்காரர் ஆண்டி மர்ரி பேர திரிச்சு வச்சது. பேர் வைக்கிறது ஈஸி, அரை மணி நேரத்துல முடிஞ்சிரும். பெயின்ட் அடிக்கிறது அப்படி இல்லங்க, எங்களுக்கு ஆறு வாரம் ஆச்சு, அதுல ரெண்டு வாரம் நாங்களே பண்ணின தப்ப நாங்களே சொரண்டி எடுத்ததுக்கு போச்சு.

நான் ஆர்ட் டீச்சர் இல்ல. வண்டிக்கு டச்சப் அடிக்கிறது, கேட்டுக்கு பெயின்ட் அடிக்கிறது இதெல்லாம் சொந்தமா பண்ணி பழக்கம், அந்த ஒரே காரணத்துக்காக ஸ்கூல் ஆர்ட் கிளப்புக்கு இப்படி ஒரு பிளேடு வருது, உதவ வாங்கன்னு கூப்பிட்டாங்க, மொத்தம் ஒன்பது பசங்க, எல்லாம் 15, 16 வயசு. அதாவது அடுத்த வருஷமோ அதுக்கடுத்த வருஷமோ ஸ்டீயரிங் பிடிக்கப் போறவங்க.

பிளேடு வந்து இறங்கினப்பவே பசங்களுக்கு முகம் வாடிப்போச்சு. பளபளன்னு புதுசா வரும்னு நினைச்சிருந்தாங்க, வந்தது ரெண்டு மூணு சீசன் ஓடின பிளேடு. நீளம் மூணு மீட்டருக்கு மேல, ஆரஞ்சு பெயின்ட் அங்கங்க உரிஞ்சு, போல்ட் ஓட்டைய சுத்தி துரு கொப்புளம், பின்பக்க பிராக்கெட்ல கிரீஸ் அப்பிக்கிடக்கு. லோடர் வச்சு ஷெட்டுக்குள்ள எறக்கி ரெண்டு மரக்கட்டை மேல சாய்ச்சு வச்சிட்டு போனாங்க, போகும்போதே சொல்லிட்டாங்க, இத நீங்க யாரும் நகத்தக்கூடாது, ஆப்பு வச்சிருக்கோம் அத எடுக்கக்கூடாதுன்னு. சரின்னு முதல் நாளே அத சுத்தி டேப் கட்டி, பின்பக்கம் யாரும் போகக்கூடாதுன்னு கோடு போட்டுட்டேன்.

முதல் வேலையா ஒரு பையன் உப்புத்தாள கையில எடுத்துட்டான். இருடா, உப்புத்தாள் போடறதுக்கு முன்னாடி உப்ப கழுவணும்னேன், ஏதோ ஜோக் அடிக்கிறேன்னு சிரிச்சான். ஆனா இது ஜோக் இல்ல. இந்த பிளேடு குளிர்காலம் பூரா உப்புத்தண்ணியில ஊறுற பொருள், அது கண்ணுக்குத் தெரியாம துரு குழிக்குள்ள எல்லாம் உக்காந்திருக்கும். கழுவாம தேய்ச்சா உப்ப இரும்புக்குள்ள இன்னும் அழுத்தி தேய்க்கிற மாதிரி ஆயிடும், மேல பெயின்ட் அடிச்சதும் அந்த உப்பு பெயின்ட் படலம் வழியாவே ஈரத்த உறிஞ்சு இழுக்கும், கொஞ்ச நாள்ல சின்னச் சின்னதா கொப்புளம் கிளம்பும். அப்புறம் எவ்வளவு நல்லா வரைஞ்சிருந்தாலும் தகடு தகடா உரிஞ்சு வந்துரும்.

கழுவினது போதுமான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? "நக்கிப் பாக்கலாமா சார்?"னு ஒருத்தன் நிஜமாவே கேட்டான். டேய்னு ஒரு அதட்டல் போட்டுட்டு தண்ணியில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுமே, வீட்டுல குடிதண்ணி பாக்குற அந்த டிடிஎஸ் மீட்டர எடுத்துட்டு வந்தேன். பிளேடு மேல சுத்தமான தண்ணிய ஊத்தி கீழ ஒரு டப்பாவுல பிடிச்சு மீட்டர முக்கினா, முதல் தடவை 900க்கு மேல காட்டுச்சு, ஷெட் குழாய் தண்ணியோ வெறும் 140. சோப்பு போட்டு பிரஷ்ல தேய்ச்சு அலசி திரும்ப பாத்தா 400, அப்புறம் 210, நாலாவது தடவை 150. அதோட விட்டோம். துல்லியமான லேப் டெஸ்ட் இல்ல இது, ஆனா பசங்களுக்கு அந்த நம்பர் இறங்குறத பாக்கறதுல அப்படி ஒரு சந்தோஷம், வரையுறதையே மறந்துட்டு இன்னொரு தடவை கழுவலாம் சார்னு நின்னாங்க. கிரீஸ் இருந்த இடத்த தனியா டிகிரீசர் போட்டு துடைச்சோம்.

பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கான்னு பிளேடு குடுத்தவங்ககிட்ட கேட்டு, இல்லைன்னு எழுதி வாங்கினதுக்கு அப்புறம்தான் தேய்க்க விட்டேன், அப்பவும் மாஸ்க் கண்ணாடி இல்லாம யாரும் கிட்ட வரக்கூடாதுன்னுட்டேன். துரு இருந்த இடத்துல ஒயர் பிரஷ், அப்புறம் 80 நம்பர் தாள், மீதி இடத்துல 120 போட்டு பளபளப்ப மட்டும் எடுத்தா போதும். கெட்டியா ஒட்டியிருக்குற பழைய பெயின்ட உரிக்கத் தேவையில்ல, அதுவே நல்ல அடித்தளம். இரும்பு வெளிய தெரிஞ்ச இடத்துல எல்லாம் ரெட் ஆக்சைடு பிரைமர்.

பிரைமர் அன்னிக்கு ஒரு சின்ன பாடம். காலையில எட்டரைக்கு ஷெட் திறந்து ஹீட்டர போட்டோம், காத்து சூடாயிருச்சு, ஆனா இரும்பு அவ்வளவு சீக்கிரம் சூடாகுமா, ராத்திரி குளிர அப்படியே பிடிச்சு வச்சிருக்கு. பத்து பேர் மூச்சு விடுற ஈரம் வேற. ஒரு பொண்ணு விரலால பிளேடுல கோடு இழுத்து காட்டுச்சு, பனிபூத்த கண்ணாடியில எழுதற மாதிரி கோடு விழுந்துச்சு. இரும்போட சூடு, காத்துல இருக்குற ஈரம் தண்ணியா படியுற சூட்ட விட 3 டிகிரியாச்சும் கூட இருக்கணும், பெயின்ட் அடிக்கிறவங்க எல்லாரும் வச்சிருக்குற கணக்கு அது. மத்தியானம் வரைக்கும் சும்மா உக்காந்தோம். அந்த சும்மா உக்காந்த நேரத்துலதான் டிசைன் மாறுச்சு, அதத்தான் கொஞ்சம் நீட்டி சொல்லணும்.

பசங்க முதல்ல போட்டிருந்த டிசைன் நல்லாவே இருந்துச்சு, பேப்பர்ல. மலை, பைன் மரம், ஹெல்மெட் போட்ட பனி பொம்மை, ஓரமா சறுக்கி நிக்கிற கார், கீழ பதினோரு வார்த்தையில ஒரு வாசகம். இன்னொருத்தன் ஐஸ்ல பிரேக் பிடிச்சா நிக்க பத்து மடங்கு தூரம் கூட ஆகலாம்னு படிச்சிட்டு வந்து பத்து கார வரிசையா வரையலாம்னான். அது நல்ல யோசனை, ஆனா மூணு மீட்டர்ல பத்து கார் வரைஞ்சா எறும்பு வரிசை மாதிரி தெரியும்.

அன்னிக்கு ப்ளோ ஓட்டுற அண்ணன் ஒருத்தர் பிளேடு எப்படி இருக்குன்னு பாக்க வந்தாரு. டிசைன பாத்தாரு, நல்லாருக்கும்மான்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு கேட்டாரு, "என்னைய இடிக்கிறவன் எங்கருந்து வருவான்னு நினைக்கிறீங்க?" எதிர்லருந்துன்னு ரெண்டு பேர், சைடுலருந்துன்னு ஒருத்தர். "பின்னாடிருந்துதான் தம்பி நிறைய வருவாங்க. நீங்க வரையுறது முன்னாடி."

ஷெட்டுல ஒரு சத்தம் இல்ல. பசங்க மூஞ்சிய பாக்கணுமே.

அவரே விளக்கினாரு. பனி தள்ளும்போது 40, 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போறதில்ல, உப்பு தூவும்போது இன்னும் மெதுவாவும் போவாராம், ஏன்னா வேகமா போனா தூவுற உப்பு ரோட்டுல நிக்காம தெறிச்சு ஓரத்துக்கு போயிரும், அப்புறம் தூவி என்ன புண்ணியம். பின்னாடி வர்றவங்களுக்கு பொறுமை இருக்காது. லேசான பனியா இருந்தா பிளேடு கிளப்புற தூள் அப்படியே லாரிய சுத்தி ஒரு வெள்ளை மேகமா நிக்கும், பின்னாடி வர்றவனுக்கு லாரியே தெரியாது, காத்து பனிய வீசுதுன்னு நினைச்சுக்கிட்டு உள்ள புகுந்துருவான். ஓவர்டேக் பண்றவன் நிலைமையும் அதேதான், பிளேடோட ஒரு முனை சில நேரம் பக்கத்து லேன் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கும், அது மேகத்துக்குள்ள இருக்கு.

"அப்ப லாரிக்கு பின்னாடி வரையலாமே?"ன்னு உடனே கேட்டாங்க. கூடாது, அங்க லைட்டு, நம்பர் பிளேட், எச்சரிக்கை ஸ்டிக்கர் எல்லாம் இருக்கு, எதையும் மறைக்கக்கூடாதுன்னாரு. அப்ப நாம பண்றது எதுக்குன்னு ஒருத்தன் கிட்டத்தட்ட சண்டைக்கே நின்னான். நியாயமான கேள்விதான். பனி கொட்டுற அன்னிக்கு இந்த ஓவியத்த ஒருத்தனும் ஒழுங்கா பாக்கப்போறதில்ல. பனி இல்லாத நாள்ல சிக்னல்ல நிக்கும்போது, டிப்போ வாசல்ல நிக்கும்போது, வேற ஸ்கூலுக்கு காட்ட கொண்டுபோகும்போது பாப்பாங்க, அவ்வளவுதான்.

அப்போ அந்த பனிபூத்த இரும்புல கோடு இழுத்த பொண்ணு சொல்லுச்சு, பின்னாடி வர்றவன் என்ன பாப்பானோ அத முன்னாடி வரைஞ்சிரலாம்னு. ஒரு மேகம், அதுக்குள்ள லாரி லைட்டு மாதிரி மங்கலா ரெண்டு ஆரஞ்சு புள்ளி, "நான் உள்ள இருக்கேன்". மூணே வார்த்தை. மலையும் போச்சு, மரமும் போச்சு, பனி பொம்மையும் போச்சு. பனி பொம்மை வரைஞ்ச பையனுக்கு மட்டும் ரெண்டு நாள் வருத்தம், அவன் நிஜமா அழகாத்தான் வரைஞ்சிருந்தான், நானும் அவன் பக்கம்தான் இருந்தேன்னு இப்ப ஒத்துக்குறேன்.

டிசைன டெஸ்ட் பண்ணது இப்படி. பேப்பர்ல அஞ்சுல ஒரு பங்கு சைஸ்ல பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டி, பத்து மீட்டர் தள்ளி நின்னு, ஒரு கசங்கின பட்டர் பேப்பர கண்ணு முன்னாடி பிடிச்சுக்கிட்டு, ஒரு செகண்ட் மட்டும் பாத்துட்டு என்ன படிச்சன்னு சொல்லணும். நிஜத்துல அது 50 மீட்டருக்கு சமம். வெள்ளை மேகத்துல மஞ்சள் எழுத்து முதல் ரவுண்டுலயே அவுட், எதுவுமே தெரியல. அதுவும் இல்லாம பனிக்கு நடுவுல வெள்ளை பிளேடு போனா இருக்குற பிளேடும் தெரியாது. கடைசியா அடர் நீலம் பின்னணி, மேகம் வெளிர் சாம்பல், மேகத்துக்கு மேல்பக்கம் இருக்குற நீல இடத்துல மஞ்சள் எழுத்து. எழுத்து உயரம் 22 சென்டிமீட்டர், குச்சி தடிமன் 4 சென்டிமீட்டர்.

எழுத்த வழக்கத்த விட குண்டா போட்டதுக்கு ஒரு காரணம் உண்டு. பிளேடு நேரா நிக்காது, பனிய ரோட்டோரத்துக்கு தள்ளணும்ல, அதனால ஓரத்த பாத்து திரும்பி நிக்கும். எதிர்ல வர்ற காருக்கு அது முகத்த திருப்பிக்கிட்டு நிக்கிற மாதிரி, எழுத்து பக்கவாட்டுல நசுங்கி தெரியும். அதுக்காக அகலத்த கால்வாசி கூட்டினோம். வளைவு வேற ஒரு தொல்லை, மேல் பகுதி முன்னாடி கவிழ்ந்திருக்கு, அங்க எழுதினா தலைகுனிஞ்ச எழுத்து மாதிரி குட்டையா தெரியும், அடிப்பகுதி மேல்நோக்கி படுத்திருக்கு. அதனால எழுத்து எல்லாம் நடு பட்டையில. கீழ 20 சென்டிமீட்டர்ல முக்கியமான எதையும் போடாதீங்க, அது ஒரே மாசத்துல தேய்ஞ்சிரும்னு அண்ணன் சொல்லிட்டு போயிருந்தாரு. மேகத்த கீழ விட்டோம், தேய்ஞ்சா தேயட்டும்னு. இந்த முடிவு அப்புறம் காலை வாரிவிட்டுச்சு, அத கடைசியில சொல்றேன்.

இருட்டுல மின்னுற பெயின்ட் வேணும்னு எல்லாருக்கும் ஆசை. அதுக்கு விதியில இடமில்ல, மின்னுறதும் கூடாது வெளிச்சத்த திருப்பி அடிக்கிறதும் கூடாது, நிஜ எச்சரிக்கை விளக்கோட குழப்பிக்கும்னு சொல்லியிருந்தாங்க. ஆனாலும் ஒரு துண்டு ரிஃப்ளெக்டர் டேப்ப இருட்டு ரூம்ல ஒட்டி காட்டினேன். டார்ச்ச கைய நீட்டி பக்கவாட்டுல பிடிச்சு அடிச்சா டேப் சும்மா சாம்பல் கலரா கிடக்கும், அதே டார்ச்ச கண்ணுக்கு பக்கத்துல, கன்னத்த ஒட்டி பிடிச்சா பளீர்னு எரியும். வெளிச்சம் எங்கிருந்து வந்துச்சோ அங்கயே திருப்பி அனுப்புது, ஹெட்லைட்டுக்கு பக்கத்துல டிரைவர் கண்ணு இருக்குறதாலதான் அது வேலை செய்யுது. அன்னிக்கு மத்தியானம் அதிக நேரம் ஓடினது இந்த விளையாட்டுதான்.

டிசைன பிளேடுக்கு மாத்துறதுக்கு முதல்ல புரொஜெக்டர் போட்டு பாத்தோம், வளைவுல எழுத்து வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு போச்சு. அப்புறம் பெரிய பேப்பர்ல முழு சைஸ்ல வரைஞ்சு, கோட்டு மேல ஊசியால ஓட்டை போட்டு, பேப்பர பிளேடுல ஒட்டி, துணி மூட்டையில சாக்பீஸ் தூள கட்டி தட்டினோம். பழைய வித்தை, ஒண்ணும் செலவில்ல, கோடு சுத்தமா விழுந்துச்சு.

இப்ப அந்த தப்பு. நீல பின்னணிக்கு ஆயில் இனாமல் அடிச்சோம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் கோட். ரோலர்ல அழகா விழுந்துச்சு. சனிக்கிழமை மத்தியானம் தொட்டு பாத்தா காஞ்சிருக்கு, ஒட்டல. ரெண்டாவது கோட் போட சொல்லிட்டேன், நான்தான் சொன்னேன், பசங்க மேல பழி இல்ல. பத்து நிமிஷத்துல ஒரு பையன் கூப்பிட்டான், "சார், பெயின்டுக்கு வயசாகுது". போய் பாத்தா நீலம் பூரா பாட்டி கை தோல் மாதிரி சுருங்கிக்கிட்டு வருது, கண்ணு முன்னாடியே, ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு நடு வரைக்கும்.

டின்ன திருப்பி பாத்தேன். அடுத்த கோட் 4 மணி நேரத்துக்குள்ள அடி, இல்லாட்டி 48 மணி நேரம் கழிச்சு அடின்னு பொடி எழுத்துல போட்டிருக்கு. நாங்க அடிச்சது கிட்டத்தட்ட 20 மணி நேரத்துல, சரியா நடு குழியில விழுந்திருக்கோம். இந்த வகை இனாமல் காத்துல இருக்குற ஆக்சிஜன இழுத்து இறுகுறது, மேல தோல் காஞ்சாலும் உள்ள இன்னும் மெதுவாத்தான் இருக்கும், அந்த நேரத்துல புது கோட்ல இருக்குற தின்னர் உள்ள இறங்கி பாதி காஞ்ச படலத்த ஊற வைக்கும், ஊறினது போக இடமில்லாம சுருங்கி மடிஞ்சிரும். குளிர்ல காயுறது இன்னும் லேட்டு, அதனால எங்களுக்கு 48ம் பத்தியிருக்காது. நான் வருஷக்கணக்கா கேட்டுக்கு அடிச்சிருக்கேன், ஒரு தடவை கூட இது வரல, ஏன்னா எப்பவும் ஒரு ஞாயித்துக்கிழமை அடிச்சா அடுத்த கோட் அடுத்த ஞாயிறுதான், சோம்பேறித்தனமே காப்பாத்தியிருக்கு.

சரி பண்றதுக்கு குறுக்கு வழி கிடையாது. ஈரமா இருக்கும்போதே சொரண்டினா சூயிங்கம் மாதிரி இழுபடும், அதனால ஆறு நாள் ஹீட்டர் போட்டு காய விட்டு, ஸ்கிரேப்பரால மடிப்பெல்லாம் எடுத்து, திரும்ப 80, 120, 220ன்னு தாள் போட்டு மட்டம் பண்ணி, மறுபடியும் நீலம். இந்த தடவை முதல் கோட் காலையில, ரெண்டாவது கோட் மூணு மணி நேரத்துல. டின் மேல மார்க்கர்ல மணி எழுதி வச்சாங்க, பசங்களேதான். மேகத்த ஸ்பான்ஜ்ல ஒத்தி ஒத்தி எடுத்தோம், ஆரஞ்சு புள்ளிய மங்கலாக்க காய்ஞ்ச பிரஷ்ல ஓரத்த கலைச்சு விட்டோம், எழுத்துக்கு மாஸ்கிங் டேப். டேப்ப பெயின்ட் முழுசா காயறதுக்கு முன்னாடி, சாய்வா பின்னாடி மடக்கி உரிக்கணும், காஞ்சப்புறம் உரிச்சா விளிம்பும் கூடவே வரும். ஒரு எழுத்துல வந்துச்சு, சின்ன பிரஷ்ல ஒட்டு போட்டோம்.

கடைசி கோட்டும் பளபளப்பாவே விட்டோம். சொரசொரப்பா இருந்தா பனி ஒட்டிக்கும், வழுக்கலா இருந்தா உருண்டு ஓடும், பிளேடுக்கு அதுதான் நல்லது.

பிளேடு போச்சு, குளிர்காலம் பூரா ஓடுச்சு, வசந்தத்துல திரும்ப பாக்க எங்கள கூப்பிட்டாங்க. கீழ 20 சென்டிமீட்டர் தேயும்னு அண்ணன் சொன்னாரு, நிஜத்துல ஒரு பக்கம் 35 வரைக்கும் வெறும் இரும்பு, பனி தேய்ச்ச கோடு வில்லு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு கிடந்துச்சு. எழுத்து கிட்டத்தட்ட அப்படியே இருந்துச்சு, கடைசி எழுத்துல மட்டும் கல்லடிச்ச ஒரு பள்ளம். கொப்புளம் ஒண்ணு கூட இல்ல, டிடிஎஸ் மீட்டருக்கு ஒரு கும்பிடு. மேகம்தான் பாதி காணோம், ரெண்டு ஆரஞ்சு புள்ளியில ஒண்ணு சுத்தமா போயிருச்சு.

அண்ணன் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, பிப்ரவரியில ஒரு நாள் சிக்னல்ல எதிர்ப்பக்கம் நின்ன பெரியவர் ஒருத்தர் கண்ணாடிய இறக்கி, "உள்ளன்னா எதுக்குள்ள?"ன்னு கேட்டாராம். மேகம் இல்லாம அந்த மூணு வார்த்தைக்கு அர்த்தமே இல்லல்ல. இவர் பச்சை விழறதுக்குள்ள மேகத்த பத்தி கத்தி கத்தி சொல்லி புரிய வச்சிருக்காரு.

அடுத்த பிளேடு செப்டம்பர்ல வருது. மேகத்த மேல ஏத்தி எழுத்த அதுக்குள்ளயே வைக்கணும்னு ஒரு குரூப், மேகத்த கீழயே விட்டு தேய தேய அடியில இன்னொரு கலர் வெளிய வர்ற மாதிரி ரெண்டு அடுக்கா அடிக்கலாம்னு இன்னொரு குரூப். ரெண்டாவது யோசனை பனி பொம்மை பையனோடது. சின்ன இரும்புத் தகட்டுல ரெண்டு கலர் அடிச்சு மணல் போட்டு தேய்ச்சு பாத்துக்கிட்டு இருக்கான், இந்த தடவை டின்ல எழுதியிருக்குற மணிக்கணக்க அவனே படிச்சு நோட்டுல எழுதி வச்சிருக்கான்.